டொமைனுக்கும் வில்லங்கம் பார்க்க வேண்டும்

"பேரு நல்லா இருக்கு, வெப்சைட் போட்டுடலாம்" என்று யாராவது சொன்னால், அன்றைக்கு ஒரு ரூபாய்கூட எடுத்துக் கொடுக்காதீர்கள். நான் மைசூரு கோகுலத்தில், எங்கள் வீட்டு மாடியில், யோகா படிக்க வருகிறவர்களுக்கு மாத வாடகைக்கு அறை விடுகிறேன். டொமைன் விஷயத்தில் நான் பட்டதை, என்னைப் போல வீட்டோடு தொழில் செய்கிறவர்கள் படக்கூடாது.

2014 நவம்பர் 1 அன்று கர்நாடகத்தில் 12 ஊர்களின் பெயர் மாறியபோது மைசூர், மைசூரு ஆனது. "அண்ணி, இனிமே எல்லாரும் மைசூருன்னுதான் தேடுவாங்க" என்று கொழுந்தனார் புது எழுத்துக்கூட்டலில் ஒரு ஹோம்ஸ்டே பெயரை எனக்காகப் பதிந்து கொடுத்தார். உடனே வெப்சைட்டும் கட்டச் சொன்னார். நான் மறுத்தேன். இன்றைக்கும் அது சரியென்றே சொல்வேன். பட்டாபி ஜோயிஸ் 1948இல் லக்ஷ்மிபுரத்தில் தொடங்கிய அஷ்டாங்க யோகப் பயிற்சி பின்னால் கோகுலத்துக்கு வந்தது. அதற்குள் அந்த முறை 'மைசூர் ஸ்டைல்' என்ற பெயரில் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. லண்டனிலோ டோக்கியோவிலோ யோகா வகுப்பின் அட்டவணையில் எங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்துப் பழகியவர், பழைய எழுத்துக்கூட்டலில்தான் தேடுவார். மாடியில் தங்கியவர்களிடம் கேட்டேன். எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். ஆகவே பெயரை நீங்கள் எப்படி எழுதுவீர்கள் என்பது பொருட்டில்லை. உங்கள் வீட்டுக் கதவைத் தட்டப் போகிறவர் எதைத் தட்டச்சு செய்கிறார் என்று முதலில் கேளுங்கள்.

பழைய எழுத்துக்கூட்டலில் நல்ல பெயர் எதுவும் மிச்சமில்லை. அங்கேதான் சரஸ்வதிபுரத்தில் வெப்சைட் செய்து கொடுக்கும் ஒருவர் வந்து சேர்ந்தார். யாரோ ரெனியூவல் செய்யாமல் விட்ட ஒரு டாட் காம் பெயரைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஊர்ப் பெயர், அறை, யோகா எல்லாம் அதிலேயே இருந்தன. "பழைய டொமைன் மேடம், கூகுள்ல மதிப்பு ஜாஸ்தி" என்றார். இதற்கு முன்னால் இது யாரிடம் இருந்தது என்று முதல் நாளே கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல மேடம்" என்ற அந்த ஒரு பதிலுக்கு நான் கொடுத்த விலை 40,000 ரூபாய். கூடவே ஒரு சீசன். எங்களுக்குச் சீசன் என்றால் அக்டோபரிலிருந்து மார்ச் வரை. அந்த மாதங்களில் காலியாகக் கிடந்த அறையின் வாடகையை அடுத்து வரும் கோடையில் சம்பாதித்துவிட முடியாது.

நடந்தது இதுதான். வெப்சைட் அழகாக வந்தது. ஆனால் முழுப் பெயரையும் அடித்துத் தேடினாலும் கூகுளில் அது தலைகாட்டவில்லை. அந்த முகவரியிலிருந்து நான் எழுதிய பதில்கள் வெளிநாட்டுக்காரர்களின் ஸ்பேம் பெட்டியில் போய் விழுந்தன. பதில் வராததால் அவர்கள் வேறு வீடு பார்த்துக்கொண்டார்கள். தோழி சொல்லித் தேடி வந்த ஒரு பெண், தன் அலுவலகக் கணினியில் எங்கள் பக்கத்தைச் சூதாட்டத் தளம் என்று தடுத்துவிட்டதாகச் சொன்னபோதுதான் விஷயம் பிடிபட்டது. வெப்சைட்களின் பழைய பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் என் மகள் அந்தப் பெயரைப் போட்டுப் பார்த்தாள். பழைய உரிமையாளர் கைவிட்ட பிறகு, இடையில் ஒருவர் அதில் பக்கம் பக்கமாகச் சூதாட்ட விளம்பரம் போட்டு வைத்திருந்தார். தளம் வைத்திருப்பவர்களுக்காகக் கூகுள் தரும் சர்ச் கன்சோலில் 'மேனுவல் ஆக்‌ஷன்' என்ற பகுதியில் கூகுளின் தண்டனையும் பதிவாகியிருந்தது. மறுபரிசீலனைக்கு எழுதிப் போடலாம்தான். அடுத்தவர் செய்த அழுக்கைக் கழுவிக்கொண்டு எத்தனை காலம் உட்கார்ந்திருப்பது?

வெப்சைட் கட்டுவது மட்டுமே தன் வேலை, பெயரின் பூர்வீகம் தன் பொறுப்பில்லை என்று அந்த வெப்சைட்காரர் இன்றைக்கும் சாதிக்கிறார். கொண்டுவந்தவர் அவர், புகழ்ந்தவர் அவர், கட்டச் சொன்னவரும் அவர். வில்லங்கச் சான்று பார்க்காமல் நம்மில் யாராவது மனை வாங்குகிறோமா? டொமைனுக்கும் வில்லங்கம் உண்டு. அதைப் பார்க்கக் காசும் வேண்டாம். வேபேக் மெஷினில் வருடவாரியாகப் பழைய பக்கங்களைப் பாருங்கள். கூகுளில் பெயருக்கு முன் 'சைட்' என்ற ஆங்கிலச் சொல்லும் முக்காற்புள்ளியும் போட்டுத் தேடினால், அந்த முகவரியில் என்னென்ன பக்கங்கள் பதிவாகியுள்ளன என்று தெரியும். ஸ்பேம் முகவரிகளைப் பட்டியலிடும் ஸ்பாம்ஹாஸின் கறுப்புப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். காலாவதியான டாட் காம் பெயர் ஒரே நாளில் பொதுச் சந்தைக்கு வந்துவிடாது. பதிவு நிறுவனம் 45 நாள் வரை அவகாசம் தரலாம். பிறகு அபராதத்தோடு மீட்க 30 நாள், அதன்பின் 5 நாள் காத்திருப்பு. இத்தனையையும் தாண்டி ஒருவர் ஒரு பெயரைக் கைவிட்டிருந்தால், ஏன் விட்டார் என்று கேட்காமல் வாங்கக்கூடாது.

தேடுகிற சொல்லே டொமைனாக இருந்தால் கூகுள் தூக்கிவிடும் என்பது அந்த வெப்சைட்காரருடைய இன்னொரு வாதம். சரக்கில்லாமல் பெயரை மட்டும் வைத்து முன்னுக்கு வந்த தளங்களைக் கூகுள் 2012 செப்டம்பரிலேயே கீழே தள்ளிவிட்டது. அதற்கு முந்தைய பேச்சைத்தான் அவர் இன்னமும் விற்றுக்கொண்டிருக்கிறார்.

கடைசியில் நான் கட்டியது ஊர்ப் பெயரே இல்லாத ஒரு டாட் இன் முகவரியில். எங்கள் வாசலில் எழுதியிருக்கிற வீட்டுப் பெயர் அது. தங்கிப் போனவர்கள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் அடுத்தவரை அனுப்புகிறார்கள். ஹோஸ்டிங், எஸ்எஸ்எல், டிசைன் எல்லாம் மகள் ஒரு வார இறுதியில் முடித்துவிட்டாள். அதில் எழுத ஒன்றுமில்லை. டொமைன் மட்டும் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் மொபைல் எண்ணில் இருக்கட்டும்.

நேரம் எடுத்தது உள்ளே என்ன எழுதுவது என்பதுதான். விடியுமுன் வகுப்புக்கு நடந்து போக எத்தனை நிமிடம், அந்நேரம் சோலார் வெந்நீர் வருமா, முன்பணம் எவ்வளவு, வெளிநாட்டவர் வந்த 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் இணையத்தில் அனுப்ப வேண்டிய படிவத்துக்கு என்னென்ன தாள் வேண்டும் என்றெல்லாம் எழுதினேன். இப்போது விசாரித்து வருகிறவர்கள் இந்தப் பக்கங்களைப் படித்துவிட்டே எழுதுகிறார்கள். உங்கள் பெயருக்குப் பின்னால் இப்படிப் பத்துப் பக்கமாவது எழுத இருக்கிறதா என்று நோட்டில் எழுதிப் பாருங்கள். வரவில்லையென்றால் அந்தப் பெயருக்கு வெப்சைட் தேவையில்லை.

கட்டாவிட்டால் விற்றுவிடலாம் என்பது கொழுந்தனாரின் கட்சி. ஊர்ப் பெயரோடு 'பட்டு' என்ற சொல்லைச் சேர்த்து அவர் பதிந்து வைத்த இன்னொரு டொமைன் கோடிக்குப் போகும் என்றார். மைசூர்ப் பட்டு என்பது கர்நாடகப் பட்டுத் தொழில் கழகத்தின் பெயரில் புவிசார் குறியீடு பெற்றது. மைசூர் சாண்டல் சோப்பும் அரசு நிறுவனத்தினுடையதுதான். சிஃபி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004லேயே டொமைன் பெயருக்கும் வணிகக் குறிக்கு உள்ளது போன்ற பாதுகாப்பு உண்டு என்று சொல்லிவிட்டது. டாட் இன் பெயருக்கு, அதை நிர்வகிக்கும் நிக்சியின் தகராறு நடைமுறை இருக்கிறது. அதில் தோற்றால் பெயர் போய்விடும், நஷ்டஈடும் கிடையாது. ஜியோஹாட்ஸ்டார் என்ற பெயரை முன்கூட்டியே பதிந்து வைத்த டெல்லி இளைஞர், 2024இல் அதற்கு ஈடாக ஜியோவின் உரிமையாளர் நிறுவனத்திடம் தன் கேம்பிரிட்ஜ் படிப்புச் செலவைக் கேட்டார். அது கிடைக்கவில்லை. பெயர் துபாயில் இருந்த ஓர் அண்ணன் தங்கையிடம் போனது. அவர்கள் அதை அந்த நிறுவனத்துக்கு இலவசமாகவே தர முன்வந்தார்கள். இத்தனையையும் சொல்லிவிட்டு, பட்டுப் பெயருக்கு ரெனியூவல் கட்டுவதை நான் நிறுத்தினேன். கொழுந்தனாருக்கு என்மேல் இன்னும் கோபம்தான். பட்டு நெய்கிறவரோ விற்கிறவரோ எங்கள் வீட்டில் யாருமில்லை என்பதை மட்டும் அவருக்கு மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.