கிரைண்டர் கடைக்கு 25,000 ரூபாயில் புது இணையதளம்

கோவையில் ஓட்டல்களுக்கான கிரைண்டர் செய்து விற்பது எங்கள் குடும்பத் தொழில். வீட்டுக்கான டேபிள் டாப்பும் கொஞ்சம் போகும். 2008இல் அப்பா ஒருவரைப் பிடித்துப் போட்ட இணையதளம், கேட்பாரில்லாமல் வருடக்கணக்கில் அப்படியே கிடந்தது. முகப்பில் சுழன்றுகொண்டிருந்த கிரைண்டர் படம் ஃபிளாஷில் செய்தது. 2020 டிசம்பர் 31உடன் அடோபி ஃபிளாஷைக் கைவிட்டபின் அந்த இடம் வெறும் சாம்பல் கட்டமாகிவிட்டது. செல்போனில் திறந்தால் எழுத்து எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். முகவரிக்குப் பக்கத்தில் 'பாதுகாப்பானதல்ல' என்று குரோம் வேறு எச்சரிக்கும். புதுப்பித்துத் தர ஒரு நிறுவனம் ஒன்றே முக்கால் லட்சம் கேட்டது. எங்களால் ஒதுக்க முடிந்தது 25,000 ரூபாய்.

முதலில் பார்க்க வேண்டியது அந்த இணையப் பெயர் யார் பெயரில் இருக்கிறது என்பதைத்தான்; நிறத்தையும் எழுத்துருவையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எங்களுடையது 2008இல் தளம் செய்து கொடுத்தவரின் மின்னஞ்சலில் பதிவாகியிருந்தது. வருடா வருடம் பணம் கட்டியது நாங்கள், காகிதப்படி உரிமையாளர் அவர். சிறுகடைகள் பலவற்றின் நிலை இதுதான். ஹூயிஸ் தேடலில் பதிவு நிறுவனத்தின் பெயரும் காலாவதி நாளும் தெரியும். டாட் காம் பெயரை வேறு பதிவு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ள 'ஆத் கோட்' என்ற ரகசியக் குறியீடு வேண்டும். உரிமையாளர் கேட்டால் 5 நாட்களுக்குள் பதிவு நிறுவனம் அதைக் கொடுத்தாக வேண்டும் என்பது, இணையப் பெயர்களை மேற்பார்க்கும் ஐகேன் அமைப்பின் விதி. உரிமையாளராக நம் பெயர் இருந்தால்தானே கேட்க முடியும்? நல்லவேளை, அவர் பழக்கமான மனிதர். ஒரு போன், ஒரு டீ, வேலை முடிந்தது. உறவு கசந்திருந்தால் இந்த ஒரு விஷயத்துக்கே பட்ஜெட் காணாமல் போயிருக்கும். அதனால் புதுத் தளம் பற்றிப் பேச்செடுக்கும் முன்பே, சுமுகமாக இருக்கும்போதே, இதை முடித்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சலும் கடைக்கென்று உள்ளதாக இருக்கட்டும். வேலைக்கு வரும் பையனின் சொந்த மின்னஞ்சல் வேண்டாம்.

அடுத்து, பழைய தளத்தை முழுசாக இறக்கிப் பத்திரப்படுத்தினோம். ஹோஸ்டிங் மாற்றும்போது பலரும் மறப்பது மின்னஞ்சலை. டிஎன்எஸ் பட்டியலில் இணையதளத்தைக் காட்டும் வரி வேறு, மின்னஞ்சல் போகும் இடத்தைக் காட்டும் 'எம்எக்ஸ்' வரி வேறு. பட்டியலை அப்படியே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, தளத்துக்கான வரியை மட்டும் மாற்றச் சொன்னேன். இல்லாவிட்டால் புதுத் தளம் பளபளவென்று வந்திருக்கும், கொட்டேஷன் கேட்டு வரும் கடிதங்கள் மட்டும் சத்தமில்லாமல் நின்றுபோயிருக்கும்.

தளத்தில் என்ன எழுதுவது என்பதற்கு விளம்பர ஏஜென்சி தேவைப்படவில்லை. கடை மேசையில் ஒரு நோட்டு வைத்து, போனில் யார் என்ன கேட்டாலும் குறிக்கச் சொன்னேன். "ஏனுங்க, பெல்ட்டு கெடைக்குங்களா?" என்பதுதான் அதிகம். அதற்கடுத்து, கல் கொத்த ஆள் வருவார்களா, சிங்கிள் ஃபேஸில் ஓடுமா, திருச்சிக்கு லாரி பார்சலில் அனுப்பினால் என்ன ஆகும். எங்கள் பழைய தளத்தில் இவற்றில் ஒன்றுக்கும் பதில் இல்லை. தாத்தா படமும், தரமே எங்கள் தாரக மந்திரம் என்ற வாசகமும், வந்தவர் எண்ணிக்கையைக் காட்டும் மீட்டரும் இருந்தன.

அமெரிக்காவிலிருந்து நம்மவர்கள் கேட்பது ஒன்றுண்டு: இந்த டேபிள் டாப் அங்கே ஓடுமா? அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வைத்து வோல்டேஜை ஏற்றிவிடலாம், ஹெர்ட்ஸ் மாறாது. இங்குள்ள மோட்டார் அங்கே சுமார் 20 சதவீதம் வேகமாகச் சுற்றும், மாவு சூடாகும். அந்த ஊருக்கென்றே சுற்றிய மோட்டார் போட்டதைத்தான் வாங்க வேண்டும். அப்பா இதைப் போனில் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பேசியதைப் பதிவு செய்து, அதே நடையில் ஒரு பக்கமாக எழுதிவிட்டேன். காசு கொடுத்து எழுத வைத்தாலும் இவ்வளவு தெளிவாக வந்திருக்காது.

தமிழ்ப் பக்கங்கள் தனிக் கதை. அவை யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடிக்கப்பட்டவை. அந்த எழுத்துரு இல்லாத கருவியில் எல்லாம் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். கூகுளுக்கும் அது கிறுக்கல்தான், ஆகவே தமிழில் தேடுபவருக்கு நாங்கள் இல்லவே இல்லை. என்.எச்.எம். கன்வெர்ட்டர் என்ற இலவச மென்பொருளில் போட்டால் நொடியில் யூனிகோடாகிவிடுகிறது. ஆனால் நடுவில் இருக்கும் ஆங்கிலச் சொற்களையும் தமிழ் என்று நினைத்து மாற்றிவிடும். மாடல் பெயர்கள் எல்லாம் பேய் பிடித்ததுபோல் வந்தன. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம் 3,000 ரூபாய்க்கு மெய்ப்புப் பார்க்கக் கொடுத்தோம். மொத்தச் செலவில் மனநிறைவு தந்தது இதுதான். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், ஹிந்த் மதுரை என்று இலவசமாகவே நல்லவை உண்டு. ஆங்கிலத்துக்கு அமைத்த வரி இடைவெளியைத் தமிழுக்கு வைத்தால் மேல் வரியின் கொக்கியும் கீழ் வரியின் சுழியும் முட்டிக்கொள்ளும், எழுத்தளவைப்போல் 1.7 மடங்கு வைத்தோம். தலைப்பிலும் கவனம் வேண்டும். 'உணவகங்களுக்கான' என்று பெரிய எழுத்தில் போட்டால் செல்போன் திரையைத் தாண்டி ஓடுகிறது. 'ஓட்டலுக்கு' என்று மாற்றினோம்.

படங்களுக்கு ஸ்டூடியோ ஒன்றில் விலை கேட்டேன், மறுபடி கேட்கவில்லை. ஸ்டீல் டிரம்மைப் படமெடுப்பதில் ஒரு சங்கடம்: கண்ணாடிபோல் பளபளப்பதால், எடுப்பவரும் அவர் செல்போனும் பின்னால் தொங்கும் காலண்டரும் அதில் தெரியும். வடக்குப் பார்த்த ஜன்னலருகே கிரைண்டரை வைத்து, இரண்டு பக்கமும் அப்பாவின் வெள்ளை வேட்டியைக் கொடியில் தொங்கவிட்டு, முன்னால் தெர்மாகோல் பலகை நிறுத்தி, கொஞ்சம் தள்ளி நின்று எடுத்தோம். அப்படி எடுத்தால் டிரம் வெண்மையை மட்டும் வாங்கிக்கொள்கிறது. ஒவ்வொரு படமும் 4 எம்.பி. இருந்தது. கூகுளின் ஸ்கூஷ் என்ற இலவசக் கருவியில் 1,200 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து வெப்பி வடிவில் சேமித்தால் 150 கே.பி.க்குள் வந்துவிடுகிறது. தளம் வேகமாவதற்கு நாங்கள் செய்ததில் பெரிய வேலை இதுவே.

தளத்தை அமைத்தது கல்லூரி முடித்துத் தனியாக வேலை செய்யும் ஒரு பெண். கூலி 12,000. வேர்ட்பிரஸ்தான், அதோடு வரும் இலவசத் தீம்தான். கடையில் பில் போடும் அக்காவே விலையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது என் நிபந்தனை. விலையே மாறாத கடை என்றால் வேர்ட்பிரஸும் தேவையில்லை, நாலு சாதாரணப் பக்கங்கள் போதும். காசு கொடுத்து வாங்க வேண்டிய தீம் ஒன்றை யாராவது 'ஃபிரீயா கிடைக்குதுங்க' என்று கொண்டுவந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்; திருட்டு நகல்களில் பெரும்பாலும் உள்ளே ஏதாவது ஒளிந்திருக்கும். பாதுகாப்புச் சான்றிதழுக்கும் காசு கொடுக்காதீர்கள், லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகவே தருகிறது.

ஆன்லைன் கார்ட், பணம் செலுத்தும் வசதி இரண்டையும் வேண்டாமென்று விட்டோம். ஓட்டல் கிரைண்டரை யாரும் பேசாமல் வாங்குவதில்லை. லாரி வாடகை ஊருக்கு ஊர் வேறு. அதற்குப் பதில் ஒவ்வொரு மாடலுக்குக் கீழும் ஒரு வாட்ஸ்அப் பொத்தான். தட்டினால் மாடல் பெயரோடு செய்தி தயாராக நிற்கும். எங்கள் வியாபாரத்துக்கு அது போதும். புடவைக் கடைக்குப் போதாது.

பழைய பக்கங்களின் முகவரிகளைத் தூக்கியெறியாமல், ஒவ்வொன்றையும் அதற்கான புதுப் பக்கத்துக்கு '301' முறையில் திருப்பிவிட்டோம். பழைய பில்லிலும் டீலர் தளங்களிலும் அச்சாகிக் கிடக்கும் முகவரிகள் வீணாகக் கூடாதல்லவா? கூகுள் மேப்பில் கடையின் புள்ளி பக்கத்துத் தெருவில் நின்றிருந்தது, அதையும் நகர்த்தினோம். மேப்பில் பதிவு இருக்கும்போது தளம் எதற்கு என்று மாமா கேட்டார். கூகுள் தன் கடைப் பதிவோடு இலவசமாகக் கொடுத்துவந்த குட்டித் தளங்களை 2024 மார்ச்சில் மூடிவிட்டது என்று சொன்னதும் பேச்சு அத்தோடு நின்றது.

ஹோஸ்டிங் வருடத்துக்கு 4,000, பெயருக்கு 1,200. மிச்சத்தை அடுத்த வருடப் புதுப்பிப்புக்கென்று எடுத்து வைத்தாயிற்று. இப்போது அதிகம் பேர் வருவது முகப்புக்குக்கூட இல்லை, பெல்ட் பக்கத்துக்கு. பெல்ட்டின் முதுகில் ஏ-42 என்பதுபோல் அளவு அச்சிட்டிருக்கும். தேய்ந்து அழிந்திருந்தால் நூலால் எப்படி அளப்பது என்று படத்தோடு போட்டிருக்கிறோம். வேறு கம்பெனி கிரைண்டர் வைத்திருப்பவர்களும் அதைப் பார்த்து அளந்து கேட்கிறார்கள். அப்பாவுக்கு ஒரே வருத்தம், 'வருக வருக' என்று ஓடும் எழுத்தை எடுத்துவிட்டோம் என்பதில்.