வெண்கலம் வாங்கிய மகளுக்கு



உனக்கு 'ப்ரோன்ஸ் மெடாலியன்' கிடைத்ததை உன் அப்பா போன் போட்டுச் சொன்னான். கோயிலில் பார்த்தவர்களிடமெல்லாம் "பொண்ணு நீச்சல்ல வெண்கலப் பதக்கம் வாங்கிட்டா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறான் போல. "அப்போ தங்கம் யாருக்கு?" என்று ஒரு மாமி கேட்டாராம். அவனைத் திருத்தாதே. நீச்சல் குளத்தில் 400 மீட்டரை 9 நிமிடத்துக்குள் நீந்தி, பிறகு கடற்கரையில் 200 மீட்டர் ஓட்டம், 200 மீட்டர் நீச்சல், மறுபடி 200 மீட்டர் ஓட்டம், எல்லாம் 8 நிமிடத்துக்குள். அதோடு முதலுதவியும் கற்றவர்களைத்தான் கடற்கரையில் ரோந்து நிற்க விடுகிறார்கள், அதற்கான தகுதிச் சான்று இது என்று விளக்கினால் அவன் முகம் வாடிவிடும். பெண்களை இந்த ஆஸ்திரேலியக் கடற்கரை உயிர்காப்பு இயக்கம் முழு உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டதே 1980இல்தான் என்று வேண்டுமானால் சொல். அது அவனுக்குப் பெருமையாக இருக்கும்.

சிட்னியில் ஒரு சின்ன கிளப்பில் எனக்குப் பன்னிரண்டு கோடை ஆகிவிட்டது. டிவியில் பாண்டை கடற்கரையில் பாய்ந்து ஓடுகிறார்களே, அவர்கள் கவுன்சிலிடம் சம்பளம் வாங்கும் லைஃப்கார்டுகள். நாம் சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் மஞ்சள் சட்டையும் சிவப்பு மஞ்சள் தொப்பியுமாகச் சும்மா வந்து நிற்கிறவர்கள். கிளப் ஹாலில் 'கறுப்பு ஞாயிறு' கதையை உனக்கும் சொல்லியிருப்பார்கள். 1938 பிப்ரவரி 6 அன்று பாண்டையில் அடுத்தடுத்து வந்த பெரிய அலைகள், மணல்திட்டில் நின்றவர்களை அப்படியே உள்ளே வாரிக்கொண்டு போயின. சுமார் 250 பேரை மீட்டார்கள். ஐந்து பேர் இறந்துபோனார்கள். கேட்கும்போது எனக்கும் புல்லரிக்கும். ஆனால் அன்றைக்குப் போட்டி இருந்ததால் உயிர்காப்பாளர்கள் வழக்கத்தைவிட நிறையப் பேர் மணலிலேயே இருந்தார்கள் என்பதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. ஆள் அங்கே இருந்ததுதான் காப்பாற்றியது. அதனால் தூறலடிக்கும் காலையில், நான்கு பேர்கூட குளிக்க வராத நாளில், ரோஸ்டரில் உன் பெயர் இருந்தால் போ. மற்ற திறமையெல்லாம் அதற்குப் பிறகு.

இனி பார்வை பற்றி. நீ நன்றாக நீந்துவாய், அது எனக்குத் தெரியும். உன் வேலையில் நீச்சல் சொற்பம். முக்கால்வாசி நேரம் நின்று பார்ப்பதுதான். என் இரண்டாவது கோடையில் அலையில் கத்திக் கூத்தடித்த ஒரு பையன் கும்பலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்களுக்கு இருபதடி தள்ளி ஒரு சிறுவன், தலை பின்னால் சாய்ந்து, வாய் தண்ணீர் மட்டத்தில், முடி கண்ணை மறைக்க, ஒரு சத்தமும் இல்லாமல் மூழ்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் நின்ற வயதான தோழர் மீட்பு மிதவையான ட்யூபோடு பாதி தூரம் ஓடிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. பையன் பிழைத்தான். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. மூழ்குகிறவனுக்கு மூச்சு விடவே வாய் போதாது, எங்கே கத்துவான்? சத்தம் போடுகிறவர்களை ஒரு கண்ணால் பார், சத்தம் போடாதவர்களை எண்ணிக்கொண்டே இரு.

ட்யூபோ போர்டோ இல்லாமல் தண்ணீரில் இறங்காதே. பயந்துபோனவன் உன் தோளில் ஏறி நிற்பான், அது அவன் குற்றமில்லை. ட்யூபை முன்னால் தள்ளிக் கொடு, அவன் அதைப் பிடிக்கட்டும்.

நம்மவர்கள் விஷயம் ஒன்று இருக்கிறது. போன பொங்கலை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை, மேற்கு சிட்னியிலிருந்து ஒரு குடும்பம், புளியோதரை டப்பாவும் பாயுமாக வந்திறங்கியது. குளிக்கும் இடத்தைக் குறிக்க நாங்கள் நட்ட கொடிகளுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக அலை உடைந்துகொண்டிருந்தது, கூட்டமும் அதிகம். அவர்கள் நேராக நூறடி தள்ளிப் போய், அலையே இல்லாத, கொஞ்சம் கருத்த தண்ணீரில் பேரனை இறக்கிவிட்டார்கள். விசில் ஊதவில்லை, நடந்து போனேன். பாட்டி சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு நின்றார். "இங்கதாம்பா அமைதியா இருக்கு" என்றார். "அந்த நுரையைப் பாருங்கம்மா, எந்தப் பக்கம் போகுது?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "அட, உள்ளல்ல போகுது!" என்று பேரன் கையைப் பிடித்து இழுத்தார். ஆழமில்லாத மணல்திட்டில்தான் அலை உடையும். கரைக்கு வந்த அந்தத் தண்ணீர் திரும்பிப் போக ஒரு பள்ளம் தேடிக்கொள்ளும், அங்கே அலை உடையாது, பார்க்கக் குளம்போல இருக்கும். 'ரிப்' என்று இங்கே பேர். 'கடல் இழுக்குது' என்று சொல், மெரினாவில் கால் நனைத்த எவருக்கும் உடனே புரிந்துவிடும்.

அந்தப் பாட்டியிடம் இன்னொன்றும் சொன்னேன்: இழுத்தால் எதிர்த்து நீந்தாதீர்கள், ரிப் யாரையும் அடியில் அமுக்குவதில்லை, மிதந்துகொண்டே ஒரு கையைத் தூக்குங்கள், நாங்கள் வருவோம். இதைத் தமிழில் சொல்ல அந்தக் கடற்கரையில் அன்று வேறு ஆள் இல்லை. உன் கிளப்பிலும் உன்னைத் தவிர வேறு யாரும் இருக்க மாட்டார்கள். கூச்சப்படாமல் நடந்து போய்ப் பேசு. அப்படிப் போய்ப் பேசியது மீட்புகளின் கணக்கில் சேராது, கிளப் விருதும் கிடைக்காது.

சனிக்கிழமை எட்டு மணி ரோந்து என்று அப்பா சொன்னான். ஏழரைக்கே போய்விடு. கொடி நடுவதற்கு முன்னால் நுரை எந்தப் பக்கம் போகிறது என்று ஒருமுறை நின்று பார்க்க வேண்டும்.

பெரியப்பா