இரயில் பெட்டிகளின் இணைப்பும் கணிப்பொறிக் கணக்கும்

விழுப்புரம் சந்திப்பில் சரக்கு வண்டி புறப்படுவதைக் கவனித்தவர்கள் ஓர் ஓசையை அறிவர். எஞ்சின் நகர்ந்ததும் ‘டக், டக்’ என்னும் ஒலி முதற் பெட்டியில் தொடங்கிக் கடைசிப் பெட்டி வரை ஓடி மறையும். திண்டிவனத்திலிருந்து நாள்தோறும் ஏறத்தாழ 37 கி.மீ. இரயிலில் வந்து பயிலும் நான், அவ்வொலியைப் பலமுறை கேட்டும் அதன் பொருளை உணர்ந்ததில்லை. சரக்கு வண்டியின் ஓட்டத்தைக் கணிப்பொறித் திரையில் அமைத்துக் காட்ட முயன்றபோதுதான் உணர்ந்தேன்.

முதற் பிழை

முதலில் எழுதிய நிரலில் வண்டி முழுவதையும் ஒரே பொருளாகக் கொண்டேன். நியூட்டனின் இரண்டாம் விதி ஒன்றே போதும் என்பது என் எண்ணம். ‘பாக்ஸ்-என்’ வகைச் சரக்குப் பெட்டி ஒன்று முழுச் சுமையுடன் 81.28 டன், 58 பெட்டிகள் சேர்ந்தால் 4,700 டன்னுக்கும் மேல். அத்தனை பெரிய வண்டி, திரையில் ஒரு குலுக்கலும் இன்றி நழுவிச் சென்றது.

என் தந்தையார் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் டிராக்டர் ஓட்டுபவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறியவன் நானே முதல்வன். செல்பேசியில் பதிந்து சென்று பெருமையோடு அவரிடம் காட்டினேன். “இது வண்டி இல்லப்பா, ஒத்தக் கட்டை. கொக்கியில ஆட்டம் இருக்கும். அது தீர்ற வரைக்கும் மெதுவா இழுக்கணும். வெடுக்குன்னு இழுத்தா கொக்கி முறிஞ்சிடும்” என்றார். என் நிரலில் விடுபட்டது அந்த ஆட்டமே!

இணைப்பின் மூன்று நிலைகள்

பெட்டிகளை இணைக்கும் ‘கப்ளிங்’ மூன்று நிலைகளில் இயங்குகிறது. முதலாவது, ஆட்டம் தீரும் வரை விசையே இல்லை. இரண்டாவது, கப்ளிங்கின் பின்னுள்ள அதிர்வு தாங்கி அமுங்குகிறது. அமுங்கும்போது வாங்கிய ஆற்றல் முழுவதையும் அது திருப்பித் தருவதில்லை. ஒரு பகுதி உராய்வால் வெப்பமாகிறது. மூன்றாவது, தாங்கி முழுவதும் அமுங்கியபின் இரும்போடு இரும்பு மோதுகிறது.

ஓர் இணைப்பில் 5 செ.மீ. ஆட்டம் எனக் கொள்வோம். நெருங்கி நிற்கும் 58 பெட்டிகளுக்கு மொத்தம் 2.9 மீட்டர். அதாவது, எஞ்சின் அவ்வளவு தூரம் நகர்ந்த பின்னரே கடைசிப் பெட்டி அசையும். இதில் நன்மையும் உண்டு. எல்லாப் பெட்டிகளின் நிலை உராய்வையும் எஞ்சின் ஒரே நேரத்தில் வெல்ல வேண்டியதில்லை.

இரண்டாம் பிழை

ஒவ்வொரு பெட்டியையும் தனிப் பொருளாக்கித் திருத்தினேன். 0.1 வினாடிக்கு ஒருமுறை வேகத்தையும், அவ்வேகத்தைக் கொண்டு இடத்தையும் கணக்கிட்டேன். நொடியில் பெட்டிகள் திசைக்கொன்றாகச் சிதறின! தாங்கியின் விறைப்பை மீட்டருக்கு 2 கோடி நியூட்டன் எனக் கொண்டதால், அடுத்தடுத்த பெட்டிகள் மிக விரைவாக அதிரும். இந்நிலையில் கணக்கின் நேர இடைவெளி ஏறத்தாழ 0.06 வினாடியைத் தாண்டலாகாது. அதனை 0.01 ஆகக் குறைத்ததும் வண்டி ஒழுங்காக ஓடிற்று. விழுப்புரத்தில் கேட்ட ஒலியின் வரிசையிலேயே பெட்டிகள் ஒவ்வொன்றாக அசைந்தன.

கற்ற பாடம்

பின்னர் இரண்டு விதமாகச் சோதித்தேன். முழு விசையையும் உடனே கொடுத்தபோது, கப்ளிங்கில் தோன்றிய உச்ச விசை மிகுந்தது. படிப்படியாகக் கொடுத்தபோது குறைந்தது. பிரேக்கிலும் இதே கதைதான். காற்றுக் குழாயின் அழுத்தக் குறைவு முன்னிருந்து பின் செல்லச் சிறிது நேரமாவதால், முன்பெட்டிகள் முதலில் வேகம் குறைய, பின்பெட்டிகள் வந்து மோதுகின்றன. கப்ளிங் அறுந்து வண்டி இரண்டானால் காற்றுக் குழாயும் பிரிந்து, இரு பகுதிகளிலும் பிரேக் தானே பிடிக்கும். ஆயினும் அறாமல் காப்பது ஓட்டுநரின் கைப்பக்குவமே.

அந்தப் பக்குவத்தை என் தந்தையார் சமன்பாடு இன்றியே அறிந்திருந்தார். அதனை எண்ணால் எழுதிக் காட்ட எனக்கு இரண்டு ஆண்டுக் கல்லூரிப் படிப்பு தேவைப்பட்டது. நிரல் எழுத அமரும் நண்பர்கள், அவ்வேலையைக் கையால் செய்பவரிடம் முதலில் ஒரு வார்த்தை கேட்டுக் கொள்வது நலம் என்பது என் பணிவான கருத்து.