திருகினால் திரும்பாத வால்வு
(பத்தாம் வகுப்பு மாணவி)



சென்ற கோடை விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தால் சமையலறையில் கணுக்கால் அளவு தண்ணீர்! குழாயின் தலை கழன்று, தண்ணீர் பீறிட்டுக் கொண்டிருந்தது. "மேலே போய் வால்வை மூடு!" என்றார் அம்மா. மாடிக்கு ஓடினேன். இரு கைகளாலும் திருகியும் அது அசையவே இல்லை. தம்பி பெரிய ஸ்பேனரைத் தூக்கி வந்தான். "வேண்டாம்டா, ஒடிஞ்சுபோகும்" என்று தடுத்துவிட்டார் அம்மாச்சி.

எங்கள் சிமெண்டுத் தொட்டி இரண்டரை அடி உயரந்தான். நீர் சற்று இறங்கியதும், சுத்தமான பழைய சேலைத் துணியை உருட்டி, தொட்டிக்குள் இருக்கும் குழாய்த் துவாரத்தில் அம்மா செருகினார். தண்ணீரின் அழுத்தமே அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. துணியின் ஒரு முனை வெளியே நீண்டிருக்க வேண்டும். முழுவதும் உள்ளே இழுக்கப்பட்டால் குழாயே அடைபட்டுவிடும். அன்று பாதித் தண்ணீர் போயிற்று. கோடையில் அது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை வத்தலக்குண்டில் குடியிருப்போர்க்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வால்வு ஏன் இறுகிற்று? எங்களுடையது பித்தளை கேட் வால்வு. சக்கரத்தைத் திருகினால் உள்ளே இருக்கும் தண்டின் மரைகள் சுழன்று, ஆப்பு போன்ற ஒரு கதவை இறக்கி வழியை மூடும். நமது மாவட்டம் கடும்பாறைப் பகுதி. ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் கடினநீர். குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்றும், வேறு நீர் கிடைக்காவிடில் 600 வரை ஏற்கலாம் என்றும் 2012ஆம் ஆண்டின் இந்தியத் தரநிர்ணயம் கூறுகிறது. அந்நீரில் கரைந்துள்ள கால்சியம் பைகார்பனேட், கால்சியம் கார்பனேட்டாக மாறி மரைகளில் படிகிறது. கெட்டிலின் அடியில் காணும் வெள்ளைப் படிவமும் இதுவே. ஆண்டுக்கணக்கில் எவரும் தொடாத வால்வில் இது சிமெண்டு போலாகிவிடும். போதாக்குறைக்கு, பித்தளை செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். சில வகை நீரில் துத்தநாகம் மட்டும் மெல்ல அரித்துப் போக, தண்டு வலுவிழந்துவிடும். அதன்மேல் நீண்ட ஸ்பேனரைப் போட்டால் என்னவாகும்? அம்மாச்சி அறிவியல் படித்தவர் அல்லர். ஆனாலும் சரியாகவே சொன்னார்.

மறுநாள் பொறுமையாக வேலையைத் தொடங்கினோம். தண்டைச் சுற்றியிருந்த வெள்ளைப் படிவத்தில் வினிகர் நனைத்த துணியைச் சிறிது நேரம் சுற்றி வைத்தோம். அமிலம் கார்பனேட்டைக் கரைக்கும், கார்பன் டை ஆக்சைடு குமிழிகள் வெளியேறும். வகுப்பில் படித்ததைக் கண்ணால் கண்டேன். அமிலம் பித்தளையையும் தின்னும் என்பதால் உடனே கழுவிவிட்டோம். தண்டின் கழுத்திலுள்ள நட்டைக் கால் சுற்று தளர்த்தி, இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டோம். குடிநீர்க் குழாய் என்பதால் மண்ணெண்ணெய் தொடவில்லை. வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றியதும் உலோகம் சற்று விரிந்தது. பிளாஸ்டிக் குழாய் பக்கத்தில் இருக்கும்போது தீயைக் காட்டவே கூடாது, இளகிவிடும்.

பிறகு கையால் மட்டும் மூடும் பக்கம் சிறிது, திறக்கும் பக்கம் சிறிது என்று மாறி மாறித் திருகினோம். முதல் நாள் அசையவில்லை. இரண்டாம் நாள் மாலை, 'கிறீச்' என்ற ஒலியுடன் மயிரிழை நகர்ந்தது. தம்பி கைதட்டினான்! அரை மணி நேரத்தில் முழுவதும் சுழன்றது. தளர்த்திய நட்டின் வழியே நீர் கசிந்தது. அதை மெல்ல இறுக்கியதும் நின்றது.

ஆனால் முழுமையாக மூடவில்லை. கதவு உட்காரும் பள்ளத்தில் படிவம் இருந்ததால் சொட்டிக்கொண்டே இருந்தது. ஒரு மாதம் கழித்து, கால் சுற்றில் மூடும் பந்து வால்வு ஒன்றை மாற்றினார்கள். துளையிட்ட உருண்டை ஒன்று உள்ளே திரும்புகிறது, அவ்வளவுதான். அதுவும் தொடாமல் விட்டால் இறுகும் என்று குழாய் வேலை செய்தவர் சொன்னார்.

அதனால் ஒவ்வொரு முதல் வெள்ளியன்றும் கோயிலிலிருந்து வந்ததும் மாடியேறி ஒருமுறை மூடித் திறக்கிறேன். அம்மாச்சி அதற்கு 'முதல் வெள்ளி வால்வு' என்றே பெயர் வைத்துவிட்டார்.