சங்கிலி ரம்பத்தைக் கூர் தீட்டுதல்: அரமா, மின் சாணையா?

2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரங்களில் இலட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தது. வீழ்ந்த மரங்களைத் துண்டாக்கி அகற்றினாலன்றிப் புதுக் கன்று நட இடமில்லை. கோடரியும் கைரம்பமும் அவ்வேலைக்குப் போதவில்லை. சங்கிலி ரம்பம் என்னும் இயந்திரத்தின் அருமையை நமது தென்னை விவசாயிகள் அப்போதுதான் முழுமையாக உணர்ந்தனர். இன்று தோப்புக்காரர்களும், சவுக்கு பயிரிடுவோரும், சில சங்கங்களும் இதனை வைத்திருக்கின்றனர்.

இயந்திரம் வாங்குவது ஒரு நாள் காரியம். அதன் பற்களைக் கூராக வைத்திருப்பது நாள்தோறும் செய்யவேண்டிய காரியம். ‘அரத்தால் கையில் தீட்டுவதே போதுமா, மின் சாணை ஒன்றும் வாங்கவேண்டுமா?’ என்னும் கேள்வி நிர்வாக சபைக் கூட்டங்களில் எழுவதை நான் கேட்டிருக்கிறேன். அங்கத்தினர்கள் தாமே முடிவு செய்வதற்கு உதவியாக, இவ்விஷயத்தை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

பல்லின் அமைப்பு

முற்காலச் சங்கிலி ரம்பங்களின் பற்கள் கைரம்பத்தின் பற்களைப் போலவே மரத்தைக் கீறிச் சென்றன. அவற்றைத் தீட்டுவது பெருந்தொல்லை. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் மரம் வெட்டும் தொழில் செய்த ஜோசப் காக்ஸ் என்பவர், 1946இல் ஒரு மரக்கட்டையைக் குடையும் வண்டுப்புழுவைக் கூர்ந்து நோக்கினார். அதன் தாடைகள் இடமும் வலமுமாக மரத்தைச் செதுக்கிச் செல்வதைக் கண்டு, அதே முறையில் புதிய சங்கிலி ஒன்றை அமைத்தார். இன்று நாம் கையாளும் சங்கிலி அதன் வழிவந்ததே.

இச்சங்கிலியில் ஒரு பல் இடப்பக்கம் நோக்கியும், அடுத்த பல் வலப்பக்கம் நோக்கியும் மாறி மாறி நிற்கும். ஒவ்வொரு பல்லிலும் மேல்தகடு, பக்கத்தகடு என இரு வெட்டும் பாகங்கள் உண்டு. பல்லுக்கு முன்னே சிறு முனை ஒன்று நிற்கும். அது வெட்டுவதில்லை, பல் ஒரு தடவையில் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை வரையறுப்பதே அதன் வேலை. அதனை ஆழமுனை என்று அழைப்போம். மேல்தகட்டைவிட ஆழமுனை பெரும்பாலான சங்கிலிகளில் சுமார் 0.65 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும்.

பல் மழுங்கியதை அறிவது எளிது. கூரான பல் மரத்தைச் சீவல் சீவலாக உதிர்க்கும். மழுங்கிய பல் மாவு போன்ற தூளையே உதிர்க்கும். அறுப்பவர் இயந்திரத்தை அழுத்தவேண்டி வந்தாலும், வெட்டு ஒரு பக்கமாக வளைந்து சென்றாலும், வெட்டுமிடத்தில் புகை எழுந்தாலும் வேலையை நிறுத்திவிட வேண்டும். தென்னையின் வெளிப்புறம் மிகக் கடினமானது. அடிமரத்திலோ மணல் ஒட்டியிருக்கும். ஆகவே தென்னந்தோப்பில் பற்கள் விரைவில் மழுங்குவதில் வியப்பில்லை.

அரத்தால் தீட்டும் முறை

1. இயந்திரத்தை நிறுத்தி, சங்கிலித் தடையைப் பூட்டி, கையுறை அணிந்துகொள்க. சங்கிலியில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, பட்டையை அசையாதபடி இறுகப் பொருத்துக.

2. சங்கிலிக்கு ஏற்ற உருட்டு அரத்தையே எடுத்துக்கொள்க. சிறிய இயந்திரங்களின் தாழ்ந்த 3/8 அங்குலச் சங்கிலிக்கு 4 மி.மீ. அரமும், 0.325 அங்குலச் சங்கிலிக்கு 4.8 மி.மீ. அரமும் பொருந்தும். பிற சங்கிலிகளுக்கு உரிய அளவை இயந்திரத்தின் கைப்புத்தகத்தில் காணலாம்.

3. அரத்தின் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு மேல்தகட்டுக்கு மேலே தெரியுமாறு வைத்து, பல்லின் உட்புறத்திலிருந்து வெளிப்புறம் நோக்கித் தள்ளுக. பின்னுக்கு இழுக்கும்போது அரம் பல்லில் படலாகாது. முன்தள்ளும்போது மட்டுமே அரம் வெட்டும்.

4. மேல்தகட்டின் கோணம் பெரும்பாலும் 25 அல்லது 30 பாகையாக இருக்கும். பல்லின் மேல் பொறித்த கோட்டைப் பார்த்தோ, கோணங்காட்டும் பிடியைக் கொண்டோ அதனை மாறாமல் காத்துக்கொள்க.

5. மிகக் குட்டையான பல்லை முதலில் தீட்டி, ஏனைய பற்களையும் அதே நீளத்திற்குக் கொண்டுவருக. தறியின் அச்சில் ஒரு பல் வளைந்தால் அது துணி முழுதும் கோடாகத் தெரிவதை நெசவாளர் அறிவர். இங்கும் அவ்வாறே; ஒரு பக்கத்துப் பற்கள் நீண்டு மறுபக்கத்தவை குறுகினால் வெட்டு கோணிவிடும்.

6. சில முறை தீட்டியபின் ஆழமுனையைச் சோதிக்க வேண்டும். மேல்தகடு பின்னோக்கிச் சரிந்திருப்பதால், பல் குறையக் குறைய அதன் உயரமும் குறையும். அளவுத்தகட்டை மேலே வைத்து, வெளியே துருத்தும் பகுதியை மட்டும் தட்டை அரத்தால் தேய்த்துவிடுக.

72 ஓட்டுக் கண்ணிகள் உள்ள வழக்கமான சங்கிலியில் 36 பற்கள் இருக்கும். பல்லுக்கு மூன்று தள்ளு வீதம் 108 தள்ளுகள். பழகிய கைக்கு இது ஒரு கால்மணி வேலை. மின்சாரம் வேண்டுவதில்லை, தோப்பின் நடுவிலேயே செய்துவிடலாம்.

மின் சாணையின் குணமும் குற்றமும்

மின் சாணையில் கோணத்தை ஒருமுறை திருத்தி வைத்துவிட்டால் எல்லாப் பற்களும் ஒரே கோணத்தில், ஒரே நீளத்தில் அமையும். கல்லிலோ ஆணியிலோ பட்டுச் சிதைந்த சங்கிலியை அரத்தால் சீர்ப்படுத்துவது அரைநாள் வேலையாகிவிடும். சாணை அதனை விரைவில் செய்துவிடும். ஒரே நாளில் பல சங்கிலிகள் வந்து சேரும் சங்கத்திற்கு இது பெரும் அனுகூலமே.

ஆனால் சாணையில் வெப்பம் உண்டு. கல்லைப் பல்லின்மேல் அழுத்திப் பிடித்தால் எஃகில் நீலநிறம் ஏறும். அந்த நிறம் ஏறிய பல்லின் பதம் கெட்டது என்று பொருள்; அது கூரைத் தாங்காது. கல்லை மெல்லத் தொட்டுத் தொட்டு எடுப்பதே முறை. புதுக்கல்லைப் பொருத்துமுன் இலேசாகத் தட்டிப் பார்க்க வேண்டும்; தெளிந்த ஓசை வராத கல்லில் விரிசல் இருக்கலாம். கண்ணாடி அணியாமலும், காப்புமூடி இல்லாமலும் சாணையின் அருகே செல்லலாகாது.

மற்றொன்று, சிக்கனம். ஒரு பல்லில் தேயத்தக்க நீளம் 6 மி.மீ. என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் 0.2 மி.மீ. மட்டும் தேய்த்தால் அச்சங்கிலியை 30 முறை தீட்டலாம். அவசரத்தில் 0.6 மி.மீ. தேய்த்தால் 10 முறையே தீட்டலாம். சாணையிலும் குறைவாகத் தேய்க்க முடியும். எனினும் அவசரக்காரர் கையில் சாணை இருந்தால் மூன்று சங்கிலி செய்யவேண்டிய வேலைக்கு ஒன்பது சங்கிலி வாங்க நேரும்.

நான் கண்ட ஒரு நிகழ்ச்சி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிட்டபோது, சங்கிலி வாங்கிய செலவு மிகுந்திருக்கக் கண்டேன். சரக்கு மட்டம் என்று விற்றவர்மீது பழி கூறப்பட்டது. கழித்துப்போட்ட சங்கிலிகளை வரவழைத்துப் பார்த்தேன். பற்களில் பாதிக்குமேல் நீலம் பாய்ந்திருந்தன. ஆழமுனைகளையும் சாணையில் கொடுத்து அளவின்றிக் குறைத்திருந்தார்கள். அப்படிச் செய்தால் வேகமாக அறுக்கும் என்று யாரோ சொன்னார்களாம்.

வேகமாகத்தான் அறுத்தது. ஆழமுனை தாழ்ந்த சங்கிலி அளவுக்கு மீறிக் கடிக்கும். பட்டையின் மேல்நுனி மரத்தில் பட்டால் இயந்திரம் அறுப்பவரை நோக்கி எகிறும். அவ்வாறே எகிறிய ரம்பம் இளம் அங்கத்தினர் ஒருவரின் தோளைக் கிழித்துவிட்டது. அவர் பிழைத்தது தெய்வாதீனம். இரண்டு மாதம் அவருக்கு வேலையில்லை. சங்கிலி நஷ்டம் சங்கத்தின் ஏடுகளில் ஏறியிருந்தது. அவர் இழந்த கூலி எந்த ஏட்டிலும் ஏறவில்லை. அதனை நான் கேட்டபோது நிர்வாக சபையார் தலைகுனிந்தார்கள். முன்னரே சங்கிலிகளை எடுத்துப் பார்க்காத எனக்கும் அதில் பங்கு உண்டு என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

நாம் கொள்ளத்தக்க வழி

அரமும் சாணையும் ஒன்றுக்கொன்று பகையல்ல. ஓரிரு இயந்திரங்கள் உள்ள சங்கத்திற்கும் தனி விவசாயிக்கும் அரமே போதும். பல இயந்திரங்கள் உள்ள சங்கம் சாணை ஒன்று வைத்துக்கொள்ளலாம். ஆயினும் அன்றாடக் கூர் அரத்தாலேயே இருக்கட்டும். சிதைந்த சங்கிலியும், பற்கள் ஏற்றத்தாழ்வான சங்கிலியும் மட்டும் சாணைக்குச் செல்லட்டும். சாணையைத் தொடும் உரிமை பயிற்சி பெற்ற ஒருவருக்கே இருக்கவேண்டும். சங்கிலி ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, தீட்டிய நாள், தீட்டியவர், தீட்டிய முறை ஆகியவற்றை ஒரு சிறு ஏட்டில் எழுதிவரவேண்டும். வாடகைக்கு எடுப்பவரிடம் இயந்திரத்துடன் ஓர் அரத்தையும் கொடுத்து, அதனைப் பிடிக்கும் விதத்தையும் கற்றுக்கொடுத்தல் நலம்.

பொதுப்பொருள் எல்லோருக்கும் உரியது என்பதால் எவரும் கவனிப்பதில்லை என்னும் பழிச்சொல் கூட்டுறவுக்கு வரலாகாது. கருவியை அடுத்தவர் கையில் கொடுக்கும்போது, அவர் உடலுக்கு ஊறு நேராத நிலையில் கொடுப்பதும் அங்கத்தினரின் கடமையே.

படிப்பு வட்டத்தில் ஆராய்வதற்கு

1. நமது சங்கத்தின் ரம்பத்தைக் கடைசியாகத் தீட்டியவர் யார்? எந்த முறையில் தீட்டினார்?

2. ஆழமுனையை மிகுதியாகத் தேய்த்தால் நேரும் அபாயம் யாது?

3. கடந்த ஆண்டு எத்தனை சங்கிலிகள் வாங்கினோம்? கழித்த சங்கிலிகளின் பற்கள் எந்நிலையில் உள்ளன?