சைக்கிள் வாங்கித் தந்தால் போதுமா?

"சோதனையில் முதலாம் பிள்ளையாக வா, சைக்கிள் வாங்கித் தருகிறேன்" என்று மகனுக்கு வாக்குக் கொடுப்போர் நம்மிடையே பலர். சைக்கிள் வந்ததும் புத்தகம் மூடப்படும். பிழை பிள்ளையுடையது மட்டுமல்ல.

நம் புளியந்தீவுப் புனித மிக்கேல் கல்லூரியில் படித்த காரைதீவு மயில்வாகனம் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியானார். பிற்காலத்தில் விபுலானந்த அடிகளான அவர், வழக்கொழிந்த பழந்தமிழ் யாழின் அமைப்பையும் இசையையும் கணக்கிட்டுக் காண ஏறக்குறைய 14 ஆண்டுகள் உழைத்தார். கற்ற கணிதமும் விஞ்ஞானமும் அவர் நேசித்த தமிழுக்கு ஊழியமாயின. 'யாழ் நூல்' 1947 ஜூனில் அரங்கேறியது. ஜூலையில் அடிகள் மறைந்தார். பரிசை மட்டும் நோக்கியவர் அத்தனை காலம் பொறுத்திருப்பாரா?

தொழிலின் மதிப்புக்கு முதல் அடிப்படை அதைச் செய்பவர் மனிதர் என்பதே என்று பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1981ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் எழுதினார். வாவியில் வலை வீசுபவருக்கும் அது பொருந்தும். (நியாயமான கூலி கொடாமல் 'சேவை' பேசும் முதலாளிக்கு அம்மடல் இடங்கொடுக்கவில்லை.)

இன்றிரவு மகனிடம் புள்ளியைக் கேட்குமுன், இந்தப் பாடம் யாருக்கு உதவும் என்று கேளுங்கள். பதில் வரத் தாமதித்தால், உங்கள் தொழிலை நீங்கள் எதற்காகச் செய்கிறீர்கள் என்பதை முதலில் அவனுக்குச் சொல்லுங்கள்.