வண்டி எங்கே நிற்கிறது என்று முதலில் கேளுங்கள்
பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருப்போருக்கு ஒரு பாடம்



இந்த முறை பாடம் மோட்டார் சைக்கிளைப் பற்றியது. "நலன்புரி ஐயாவுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் சிரிக்கலாம். சம்பந்தம் இருக்கிறது. லயத்தில் ஒரு வண்டி கெட்டுப்போனால் அந்த வீட்டுச் சம்பளம் கரைகிறது, சில வீடுகளில் நகையும் போகிறது. அப்படிப் போன ஒரு நகைக்கு நானும் ஒரு காரணம். அதை மறைக்காமல் சொல்லிவிட்டுத்தான் பாடத்துக்குள் போக வேண்டும்.

நடந்த கதை

எங்கள் டிவிசனில் கவ்வாத்து வேலைக்குப் போகும் ஒரு தம்பி பழைய ஹொண்டா சி.ஜி. 125 ஒன்றை வாங்கினார். மார்கழி மழை தொடங்கியதும் வண்டி வழியிலே நிற்க ஆரம்பித்தது. என்னிடம் வந்து, "ஐயா, டவுனுக்குப் போகும்போது நல்லாத்தான் போகுது. லயத்துக்கு ஏறும்போது படக்குனு நிக்குது" என்றார். நான் வண்டியைப் பார்க்கவும் இல்லை, இன்னொரு கேள்வி கேட்கவும் இல்லை. "மலையேற இழுக்கலன்னா என்ஜின் வேலைதான் தம்பி, கராஜுக்குக் கொண்டு போங்க" என்று சொல்லிவிட்டேன்.

கராஜில் என்ஜினைப் பிரித்தார்கள். சிலிண்டர் போர் பண்ணி, பிஸ்டன், ரிங் எல்லாம் புதிதாகப் போட்டார்கள். கொழுந்து பறிக்கும் அவர் மனைவியின் தோடு அடகுக் கடைக்குப் போனது. வண்டி வந்த நாலாம் நாள், அதே இடத்தில் திரும்பவும் நின்றது.

கடைசியில் பார்த்தவர், பெக்டரியில் பிட்டராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். அவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. கேள்விதான் கேட்டார்.

"எங்க நிக்குது தம்பி?"

"லயத்துக்கு ஏறுற முடக்குல தாத்தா."

"எல்லா முடக்குலயுமா?"

தம்பி கொஞ்ச நேரம் யோசித்தார். "இல்ல தாத்தா. இடது பக்கம் திரும்புற முடக்குல மட்டும்."

பெரியவர் வண்டியை ஸ்டேண்டில் போட்டு ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். ஹேண்டிலை மெதுவாக இடது பக்கம் திருப்பினார். என்ஜின் நின்றுவிட்டது. டேங்கைக் கழற்றிப் பார்த்தால், ஹேண்டில் கழுத்துப் பக்கம் வளையும் வயர் கட்டில், என்ஜினை நிறுத்தும் சுவிட்சுக்குப் போகும் வயர் உரசித் தோல் போயிருந்தது. அந்த வயர் பிரேமில் பட்டால் சுவிட்சை ஓப் பண்ணியது போலத்தான். மழை ஈரம் அதை இன்னும் மோசமாக்கியது. இன்சுலேசன் டேப் சுற்றி, வயரைக் கொஞ்சம் தளர்வாகக் கட்டினார். அதோடு சரி.

தோடு மட்டும் திரும்பவில்லை. வட்டி கட்ட முடியாமல் முழுகிப் போனது. நான் அன்று ஒரு கேள்வி கூடக் கேட்டிருந்தால் அது காதிலேயே இருந்திருக்கும்.

ஏன் இன்னும் பழைய வண்டிகள்?

முன்பெல்லாம் தோட்டத்தில் மோட்டார் சைக்கிள் என்றால் சின்னத்தொரையின் வண்டிதான். இங்கிலாந்தில் 1948 இல் வந்த பி.எஸ்.ஏ. பேன்டம், ஜெர்மனியின் டி.கே.டபிள்யூ. ஆர்.டி. 125 என்ற வண்டியின் படத்தை வைத்துச் செய்தது. யுத்தத்தில் தோற்ற நாட்டிடமிருந்து ஈடாக எடுத்த படம் அது. பிறகு ஜப்பான் வண்டிகள் வந்தன. அந்த நாட்டுத் தபால்காரர்கள் ஓட்டிய சிவப்பு நிற எம்.டி. 90 இங்கேயும் நிறைய ஓடியது. சி.ஜி. 125 வண்டியை ஹொண்டா 1970களின் நடுப்பகுதியில், பராமரிப்பு குறைந்த நாடுகளை நினைத்தே செய்தது. கேம் செயின் இல்லாமல் புஷ் ரொட் வைத்த எளிய என்ஜின் அது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 இல்தான் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருடமும் பழைய வண்டிகளையே தட்டிக் கொட்டி ஓட்டினோம். ஆகவே அவற்றின் வருத்தங்களைத் தெரிந்து வைப்பது நல்லது.

பாடம்: நாலு தேவை, ஒரு வரிசை

எந்தப் பெட்ரோல் என்ஜினுக்கும் நாலு தேவை: பெட்ரோல், காற்று, நெருப்புப் பொறி, அமுக்கம். செலவில்லாததை முதலில் பாருங்கள். என்ஜினைப் பிரிப்பது கடைசி வேலை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது குறை என்று கடைசி வரை தெரியாது.

1. கை வைக்கும் முன் கேட்க வேண்டியவை

சூட்டிலே நிற்கிறதா, குளிரிலேயா? மழையில் மட்டுமா? ஏற்றத்திலா, முடக்கிலா? படக்கென்று ஓப் பண்ணியது போல நின்றால் பெரும்பாலும் கரண்ட் குறை. இழுத்து இழுத்து, திக்கித் திக்கி நின்றால் பெரும்பாலும் பெட்ரோல் குறை. இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

2. பெட்ரோல்

டேப் திறந்திருக்கிறதா, ரிசர்வுக்குத் திருப்ப வேண்டுமா என்று பாருங்கள். பத்து நிமிடம் ஓடி நின்று, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப ஸ்டார்ட் ஆகிறதா? டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ் என்று காற்று உள்ளே போனால், மூடியில் உள்ள சின்னக் காற்றுத் துவாரம் அடைத்திருக்கிறது.

காபரேட்டர் கிண்ணத்தின் அடியில் உள்ள திருகாணியைத் தளர்த்தி, கண்ணாடிப் போத்தலில் கொஞ்சம் பிடியுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் முட்டை முட்டையாக நிற்கும். 2022 பெட்ரோல் தட்டுப்பாட்டின்போது பல வண்டிகள் நாள்கணக்காக இஸ்தோப்பில் நின்றன. அப்படி நின்ற வண்டியில் பழைய பெட்ரோல் பிசினாகி ஜெட்டை அடைக்கும். ஜெட்டைக் காற்றால் ஊதிச் சுத்தம் பண்ணுங்கள். ஊசி, கம்பி விட்டுக் குத்தாதீர்கள். துவாரம் பெரிதானால் பிறகு பெட்ரோல் குடித்துக்கொண்டே இருக்கும்.

3. நெருப்புப் பொறி

பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பாருங்கள்.

இளம் பழுப்பு: நல்லது.
காய்ந்த கரி: பெட்ரோல் கூடுதல், அல்லது காற்று குறைவு.
பெட்ரோல் ஈரம்: பொறி வரவில்லை, அல்லது பெட்ரோல் நிரம்பிவிட்டது.
எண்ணெய்ப் பிசுக்கு: எண்ணெய் உள்ளே வருகிறது.
வெள்ளை: சூடு அதிகம், பெட்ரோல் குறைவு.

பிறகு பிளக்கைக் கேப்பில் மாட்டி, அதன் இரும்புப் பகுதி என்ஜின் இரும்பில் நன்றாகப் படும்படி வைத்துக் கிக் பண்ணுங்கள். நீல நிறத்தில் பளிச்சென்று அடித்தால் நல்லது. மஞ்சளாக, சோம்பலாக வந்தால் பலவீனம். பிளக் துவாரத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அங்கே பெட்ரோல் ஆவி வரும், தீப்பிடிக்கலாம். இந்த வேலையை வெளியில், பகலில் செய்யுங்கள். குப்பி லாம்பு, பீடி பக்கத்தில் கூடாது.

சி.ஜி. 125க்கு பிளக் இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர். பொயின்ட் வைத்த பழைய வண்டியில் பொயின்ட் இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர். பொயின்ட்டில் எண்ணெய் பட்டிருந்தால் சுத்தமான கடதாசியை இடையில் வைத்து இழுத்து எடுங்கள். பொயின்ட் அடிக்கடி குழி விழுந்தால் கண்டென்சரைச் சந்தேகப்படுங்கள். குளிரில் நன்றாக ஓடி, சூடானதும் பொறி இல்லாமல் நின்று, ஆறினதும் ஸ்டார்ட் ஆகும் வண்டியில் கண்டென்சரோ கொயிலோதான் குறை.

4. வயரும் பற்றரியும்

பொயின்ட் வைத்த பழைய சி.ஜி. 125 போன்ற மேக்னட் வண்டிகளுக்குப் பொறி பற்றரியிலிருந்து வருவதில்லை. பற்றரி செத்தாலும் என்ஜின் ஸ்டார்ட் ஆக வேண்டும். "ஸ்டார்ட் ஆகல, பற்றரி மாத்துங்க" என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். பழைய இரட்டைச் சிலிண்டர் வண்டிகள் பலவற்றில் பற்றரிதான் பொறிக்குக் கரண்ட் கொடுக்கும். அதில் பற்றரி முக்கியம். உங்கள் வண்டி எந்த வகை என்று தெரிந்து வையுங்கள்.

ஹோர்ன் அடித்தால் லைட் மங்குகிறதா? முதலில் எர்த் வயரைக் கழற்றி, துருவைச் சுரண்டி, இறுக்கிப் பூட்டுங்கள். வயர் உரசும் இடங்கள் மூன்று: ஹேண்டில் கழுத்து, டேங்குக்கு அடி, சீட்டுக்கு அடி. பற்றரிக்குக் காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும் ஊற்ற வேண்டும், பீலித் தண்ணீர் வேண்டாம். பியூஸ் போனால் சிகரெட் ஈயத்தாள் சுற்றாதீர்கள். பியூஸ் எரிவது வண்டி எரியாமல் இருக்கத்தான்.

ஒரு பல்பும் இரண்டு முழம் வயரும் இருந்தால் கரண்ட் வருகிறதா என்று பார்க்கும் கருவி தயார். 6 வோல்ட் வண்டிக்கு 6 வோல்ட் பல்பு, 12க்கு 12.

5. காற்று: நம்ம ஊவாவின் குணம்

ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்று அடிக்கும்போது றோட்டுத் தூசி முழுக்க எயார் பில்டரில்தான். ஸ்பொன்ஜ் பில்டரைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்து, கொஞ்சம் என்ஜின் ஒயில் தடவிப் பிழிந்து போடுங்கள்.

இன்னொன்று உயரம். மொனராகலை டவுன் ஏறக்குறைய 150 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அப்புத்தளை 1,400 மீட்டருக்கும் மேல். அங்கே காற்றின் கனம் குறைவு. காற்று குறையும்போது அதே பெட்ரோல் கூடுதலாகிவிடும். கீழே நன்றாக ஓடிய வண்டி மேலே போய்ச் சோர்ந்து, பிளக் கரி பிடித்தால் என்ஜின் தேய்ந்ததாக உடனே முடிவு கட்டாதீர்கள். மார்கழி மழையில் பிளக் கேப்பைத் துடைத்து, இருட்டில் ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள். கேப்பிலோ தடித்த வயரிலோ பொறி ஒழுகினால் கண்ணுக்கே தெரியும்.

6. அமுக்கம்: கடைசியில்

கிக் பண்ணும்போது கால் தடையில்லாமல் இறங்கினால் அமுக்கம் குறைவு. அப்போதும் போர் பண்ணுவதற்கு முன் வால்வ் இடைவெளியைப் பார்க்கச் சொல்லுங்கள். சி.ஜி. 125க்கு என்ஜின் குளிர்ந்திருக்கும்போது 0.08 மில்லிமீட்டர். இடைவெளியே இல்லாமல் வால்வ் சரியாக மூடாவிட்டாலும் அமுக்கம் போகும். கறுப்புப் புகை பெட்ரோல் கூடுதல். விடாமல் வரும் நீலப் புகை என்ஜின் ஒயில் எரிவது. இதற்குத்தான் ரிங், வால்வ் பார்க்க வேண்டும். குளிர்காலைப் பொழுதின் வெள்ளை ஆவிக்குப் பயப்பட வேண்டாம். பேன்டம் போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு நீலப் புகை கொஞ்சம் வரத்தான் செய்யும். அதற்குப் பெட்ரோலோடு ஒயில் கலந்தே ஊற்ற வேண்டும். மறந்தால் பிஸ்டன் பிடித்துவிடும்.

கராஜுக்குப் போகும்போது

எல்லா பாஸ்மாரும் ஏமாற்றுவதில்லை. நாம் சரியாகச் சொல்லாததாலும் பிழை நடக்கிறது. எப்போது, எங்கே, எப்படி நிற்கிறது என்று ஒரு துண்டில் எழுதிக் கொண்டு போங்கள். "என்ஜினைத் திறக்குறதுக்கு முந்தி எனக்குச் சொல்லுங்க பாஸ்" என்று கேளுங்கள். மாற்றிய பழைய சாமானைத் திருப்பி வாங்குங்கள்.

பிரசவ வலி, நெஞ்சு வலி, விஷக்கடி என்றால் வண்டியை உதைத்துக்கொண்டு நேரத்தைப் போக்காதீர்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

இளைஞர்களுக்கு மூன்று கேள்வி

1. மழையில் மட்டும் திக்கும் வண்டியில் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?
2. பற்றரி இல்லாமலும் ஸ்டார்ட் ஆகக்கூடிய வண்டி எது? ஏன்?
3. நம் கதையில் வரும் தம்பிக்கு நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்?

விடைகளை மேலே தேடுங்கள். மூன்றாவதை வீட்டிலும் பேசிப் பாருங்கள். அடகு வைக்கும் முன் வீட்டில் இரண்டு பேரும் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். இந்தப் பக்கத்தை வெட்டி, பொலித்தீன் உறையில் போட்டு சீட்டுக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டிக் குறையோடு என்னிடம் வருபவர்களிடம் நான் இப்போது முதலில் கேட்பது, "எங்க நிக்குது தம்பி?"